பதினாறு வயது வரை சமூக ஊடகத் தடை கேட்கும் மனுவில் கையெழுத்துப் போடலாமா?

குமிழ்முனை எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, படுக்கப் போனவன் திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அம்மா, ஒருத்தர்கிட்ட பேசறத நிறுத்தணும்னா எப்படிச் சொல்லணும்? அவர் கோவிச்சுக்கக் கூடாது" என்றான். பள்ளிக்கூடத்தில் ஏதோ சண்டை என்று நினைத்து "யாருடா அது?" என்று கேட்டேன். பதில் வர ரொம்ப நேரம் ஆனது.

விளையாட்டுக்குள் அறிமுகமான ஒரு 'அண்ணா'. வயது பதினான்கு என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மாதப் பழக்கம். இவனால் தாண்ட முடியாத கட்டங்களைத் தாண்ட உதவியிருக்கிறார், விளையாட்டுக் காசு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அப்புறம், இங்கே பேசினால் மெதுவாக வருகிறது, வேறு ஆப்புக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். அப்புறம், வீட்டில் சொல்லாதே, அவர்களுக்குப் புரியாது. அப்புறம் ஒரு போட்டோ. முகம் தெரிகிற சாதாரணப் படம் ஒன்றை இவனும் அனுப்பிவிட்டான். அடுத்துக் கேட்ட படத்தை அனுப்பவில்லை. அது என்ன படம் என்று அவன் வாயால் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்திருக்கிறான்.

நான் போனைப் பிடுங்கினேன். அந்த ஆளை பிளாக் செய்தேன். கை நடுங்க நடுங்க மொத்த சாட்டையும் அழித்தேன். அவனைத் திட்டவும் செய்தேன், அதுதான் இப்போது உறுத்துகிறது.

நம்பிக்கையான ஒரு தோழியிடம் மட்டும் சொன்னேன். ஒரு வாரத்தில் பெயர் இல்லாமல் கதை மட்டும் பெற்றோர் குழு முழுக்கச் சுற்றிவிட்டது. (தோழியைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் சொல்கிறேன்.) அடுத்த வாரம் ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள். 'அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்' என்று பத்து நிமிடம் பேச வேண்டியது நான். ஆஸ்திரேலியா மாதிரி இங்கேயும் பதினாறு வயது வரை தடை வேண்டும் என்று ஒரு அப்பா மனுவே எழுதிவிட்டார், கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நானும் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ராத்திரி நடந்ததை அந்தத் தடை நிறுத்தியிருக்குமா என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. எந்தெந்த நாட்டில் என்ன செய்திருக்கிறார்கள், எது உண்மையில் பிள்ளைகளுக்கு உதவியிருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 'வளர்ப்பு சரியில்லை' என்று எழுத வருகிறவர்கள், அதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன், உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துங்கள்.


பழையரேடியோ எழுதியது:

தங்கச்சி, பையன் தானாக வந்து சொன்னான் பார், அதற்கே அவனுக்கு ஒரு கும்பிடு. மற்றபடி என் கருத்து சுருக்கமானது. பன்னிரண்டு வயதுக்குப் போன் எதற்கு? சட்டம், மனு, கூட்டம் எல்லாம் எதற்கு? சீனாவில் பார், வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் ராத்திரி எட்டிலிருந்து ஒன்பது வரைதான் பிள்ளைகள் ஆன்லைன் விளையாட்டு ஆடலாம் என்று 2021-இல் ஒரே உத்தரவு. முடிந்தது கதை.


தெற்கத்திக்காரன் எழுதியது:

அந்தத் தடை இருக்கிற ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறேன். வீட்டில் பதினைந்து வயதில் மகள், பதின்மூன்றில் மகன். அதனால் பக்கத்தில் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறியது, 2025 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆரம்பப் பட்டியலில் பத்துத் தளங்கள்: ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், த்ரெட்ஸ், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப், ரெடிட், கிக், ட்விட்ச். பதினாறுக்குக் கீழே உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்காமல் தடுக்க நிறுவனங்கள் நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை கிடையாது. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வி. அந்தப் பட்டியலில் ரோப்ளாக்ஸ் இல்லை, டிஸ்கார்டு இல்லை, வாட்ஸப் இல்லை. விளையாட்டும் மெசேஜ் அனுப்புவதும்தான் முக்கிய வேலை என்றால் விலக்கு. உங்கள் மகன் விஷயம் ஒரு விளையாட்டில் தொடங்கி மெசேஜ் ஆப்புக்குப் போயிருக்கிறது. அதாவது ஆரம்பம் முதல் கடைசி வரை தடைக்கு வெளியிலேயே நடந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஆப் மகளை செல்ஃபி எடுக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்துப் பதினாறுக்கு மேல் என்று முடிவு செய்து விட்டுவிட்டது. அவளைவிட மூத்த சிநேகிதி ஒருத்தியை வெளியே தள்ளிவிட்டது. அவளுக்குப் பதினாறு முடிந்து நான்கு மாதம்! மகனை எல்லாவற்றிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். யூடியூபை மட்டும் லாகின் செய்யாமல் பார்க்கிறான். முன்பு அவன் கணக்கில் நான் போட்டு வைத்திருந்த கட்டுப்பாடு அவனோடு வந்தது. இப்போது கணக்கும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை.

தடை வீண் என்று சொல்லவில்லை. எனக்கு அதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. 'எல்லாரும் வச்சிருக்காங்க, நான் மட்டும்தான் இல்ல' என்ற வாக்கியம் எங்கள் வீட்டில் செத்துப்போய்விட்டது. சட்டம் சொல்கிறது என்று கையை விரித்துவிடுவேன், அப்பா வில்லன் ஆவது நின்றது.

ஆனால் மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் வேறொன்றுக்குப் போடுவேன். இங்கே இணையப் பாதுகாப்பு ஆணையர் என்று ஓர் அலுவலகம் 2015 முதலே இருக்கிறது. முதலில் பிள்ளைகளுக்காக மட்டும் தொடங்கியது. ஒரு பிள்ளையைக் குறிவைத்துக் கொடுமைப்படுத்துகிற பதிவை அந்தத் தளமே எடுக்க மறுத்தால், இவர்களிடம் புகார் செய்யலாம். இவர்கள் நோட்டீஸ் அனுப்பினால் 24 மணி நேரத்தில் எடுக்க வேண்டும். 2021-இல் சட்டத்தைத் திருத்தி எழுதும் வரை 48 மணி நேரமாக இருந்தது. மகளின் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இது உதவியது, விவரம் வேண்டாம். உலகம் முழுக்கத் தடையைப் பற்றித்தான் பேசுகிறார்கள், இந்த அலுவலகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.


பெயரில்என்ன எழுதியது:

அக்கா, நான் சட்டம் படிக்கிற மாணவி, வயது பத்தொன்பது. உங்கள் மகனுக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கிற தலைமுறை. ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த விளையாட்டுக் கணக்கில் பிறந்த வருடம் என்ன போட்டிருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், எனக்கு ஒன்பது வயதில் முதல் கணக்கு. பிறந்த தேதி கேட்கும் இடத்தில் ஒரு சக்கரம் இருக்குமே, அதைச் சும்மா சுழற்றிவிட்டேன். 1979-இல் நின்றது. பதின்மூன்று வயதில் எனக்கு முழங்கால் வலி மாத்திரை விளம்பரம் வரும், வகுப்பில் எல்லோருக்கும் காட்டிச் சிரிப்போம். சிரிக்க முடியாததும் வந்தது. முன்பின் தெரியாத ஆண்களின் மெசேஜ் நேராக இன்பாக்ஸில் வந்து விழும். தன் வயதை உண்மையாகப் போட்டிருந்த தோழிக்கு அது வராது. அந்த ஆப் என்னை நாற்பது வயதுப் பெண் என்று நம்பிக்கொண்டிருந்தது, அதனால் தோழிக்குப் போட்ட வேலி எதுவும் எனக்கு இல்லை. இது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

பதின்மூன்று என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து யோசித்துச் சொன்னது என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையிடம் தகவல் வாங்க வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் வாங்கு என்பதுதான் அதன் சாரம். ஒப்புதல் வாங்குவது தலைவலி. நிறுவனங்கள் சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டன: பதின்மூன்றுக்குக் கீழே யாருக்கும் அனுமதி இல்லை என்று எழுதிவிட்டு, பிறந்த தேதியை மட்டும் கேட்பது. பிள்ளைகள் பொய் சொன்னார்கள். 2011-இல் வந்த ஓர் ஆய்வு, அந்தப் பொய்க்குப் பல வீடுகளில் பெற்றோரே உதவினார்கள் என்று காட்டியது. விளம்பரக்காரர்களிடமிருந்து பிள்ளையின் தகவலைக் காக்க வந்த சட்டம், பிள்ளையைப் பெரியவனாக வேடம் போட வைத்துவிட்டது.

இந்தியாவில் 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் வயதைப் பதினெட்டுக்கே உயர்த்திவிட்டது. பதினெட்டுக்குக் கீழே என்றால் சரிபார்க்கக்கூடிய விதத்தில் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழுதாக நடைமுறைக்கு வர 2027 ஆகும். பின்தொடரக் கூடாது என்ற பகுதி எனக்குப் பிடித்திருக்கிறது. ஒப்புதல் பகுதியைப் பார்த்தால்தான் பழைய கதை ஞாபகம் வருகிறது. நான் பிள்ளை என்று சொன்னால்தானே ஒப்புதல் கேட்பார்கள்?

அப்படியானால் எல்லோரிடமும் அடையாள அட்டை கேட்கலாமே என்பார்கள். 2025 அக்டோபரில் டிஸ்கார்டு என்ன அறிவித்தது என்று பாருங்கள். அவர்களுக்காக வேலை செய்த வெளி நிறுவனம் ஒன்றிலிருந்து சுமார் 70,000 பேரின் அடையாள அட்டைப் படங்கள் வெளியே போயிருக்கலாம். வயதை நிரூபிக்க அனுப்பிய படங்கள் அவை.

பழையரேடியோ ஐயா, சீனாவைச் சொன்னீர்கள். தாத்தா பாட்டி பெயரில் பிள்ளைகள் விளையாடுவது அங்கே பெரிய தலைவலி. அதைக் கண்டுபிடிக்க ராத்திரியில் முகத்தை ஸ்கேன் செய்கிற அளவுக்கு ஒரு நிறுவனம் போனது.


குமிழ்முனை எழுதியது:

இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பிறந்த வருடம் 1986.

அது என்னுடையது. அவனுக்கு ஒன்பது வயதில் விளையாட்டை இறக்கித் தந்தபோது நானே போட்டது. உண்மையான வயதைப் போட்டால் ஏதோ ஒப்புதல், ஏதோ மின்னஞ்சல் என்று இழுத்தது. பேருந்து வரும் அவசரம். என் தேதியைத் தட்டினேன், உடனே திறந்துவிட்டது.

எழுதவே கூச்சமாக இருக்கிறது.


இரவுப்பணி எழுதியது:

மேடம், கூச்சப்படாதீர்கள். நான் நான்கு வருடம் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் ராத்திரி ஷிப்டில் இருந்தவன். ஆப்புகளில் நீங்கள் அழுத்துகிற 'ரிப்போர்ட்' எங்கள் திரையில்தான் வந்து விழும். நான் திறந்து பார்த்த பிள்ளைகளின் கணக்குகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு அம்மாவின் பிறந்தநாள் அல்லது ஜனவரி 1. ராத்திரி மூன்று மணிக்கு ஒரு நாற்பது வயதுக்காரர் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதலில் உங்கள் வீட்டு விஷயம், கூட்டம் அப்புறம்.

சாட்டை அழித்தது போகட்டும், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். இனி யாருக்காவது நடந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு ரிப்போர்ட், அதற்கப்புறம்தான் பிளாக். ரிப்போர்ட் அழுத்தும்போது பல ஆப்புகளில் கடைசிச் சில மெசேஜ்களும் சேர்ந்தே எங்களிடம் வரும். அழித்துவிட்டு அனுப்பினால் வெறும் பெயர்தான் வரும். இன்னொன்று: காரணம் கேட்கிற இடத்தில் 'தொந்தரவு', 'ஸ்பேம்' என்று போடாதீர்கள். பிள்ளைகள் பாதுகாப்பு என்று ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும், அதைத் தேடி அழுத்துங்கள். நான் இருந்த இடத்தில் இரண்டுக்கும் வரிசையே வேறு. ஸ்பேம் வரிசை ஆயிரக்கணக்கில் தேங்கிக் கிடக்கும். சாட் போனாலும் அந்த ஆளின் பயனர் பெயர் உங்கள் பிளாக் பட்டியலில் இருக்கும். அதை வைத்து இப்போதும் புகார் செய்யலாம், விளையாட்டிலும் அந்த மெசேஜ் ஆப்பிலும் தனித்தனியாக.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. இந்தியா என்றால் 1098, இலங்கை என்றால் 1929, பிரிட்டன் என்றால் 0800 1111. மகனே கூடக் கூப்பிடலாம்.

அவன் அனுப்பியது முகம் தெரிகிற படம் மட்டும்தான் என்கிறீர்கள், நல்லது. ஆனால் கூட்டத்துக்கு வருகிற யார் வீட்டிலாவது அதற்கு மேல் போயிருக்கலாம், அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்களுக்காக இதைச் சொல்லிவிடுங்கள். 'டேக் இட் டவுன்' என்று ஒரு இலவச சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்பட்ட பிள்ளைகளுக்கான அமெரிக்காவின் தேசிய மையம் நடத்துவது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படம் என்றால், எந்த நாட்டுக்காரரும் பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம். படத்தை யாரிடமும் தர வேண்டியதில்லை, அது உங்கள் போனைவிட்டு நகராது. அந்தப் படத்தின் கைரேகை மாதிரி ஒரு நீள எண் மட்டும் போகும். இதில் சேர்ந்திருக்கிற தளங்கள் அந்த எண்ணோடு பொருந்துகிற படம் வருகிறதா என்று தேடித் தூக்கும்.

எங்கள் வேலைக்கு முதுகெலும்பே இந்தக் கைரேகைதான். 2009-இல் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய முறை ஒன்று, படத்தைச் சிறிதாக்கினாலும் நிறத்தை லேசாக மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். ஏற்கெனவே தெரிந்த படத்தை மனிதர் யாரும் மறுபடி பார்க்க வேண்டியதில்லை. என் தூக்கம் கொஞ்சமாவது மிஞ்சியதற்கு அதுதான் காரணம். கண்டுபிடித்ததை நிறுவனங்கள் அந்தத் தேசிய மையத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 2023-இல் மட்டும் 3.6 கோடிக்கு மேல் அறிக்கைகள் போயின. அதில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களைப் பற்றியது, அந்தந்த நாட்டுக் காவல்துறைக்கு அனுப்பிவைப்பார்கள். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019-இல் இதற்காக ஒப்பந்தம் போட்டுக்கொண்டது. பல கைதுச் செய்திகளுக்குப் பின்னால் இப்படி எங்கிருந்தோ வந்த ஒரு அறிக்கை இருக்கும்.

ஆனால் உங்கள் மகனுக்கு நடந்ததில் கைரேகை உதவாது. அங்கே பழைய படம் எதுவும் இல்லை, பேச்சு மட்டும்தான். பேச்சே தொடங்காமல் செய்வதுதான் வழி. அதை எந்த நாடு சரியாகப் பிடித்தது என்று கேட்டால், தடை போட்ட நாட்டைவிட பிரிட்டனின் பழைய விதித்தொகுப்பு ஒன்றைச் சொல்வேன்.

2020 செப்டம்பர் 2 அன்று வந்தது. பிள்ளைகள் பயன்படுத்த வாய்ப்புள்ள எந்தச் சேவையும், பிள்ளைக்கு எது நல்லதோ அந்த மாதிரியே தொடக்கத்தில் அமைந்திருக்க வேண்டும் என்றது. இருப்பிடம் காட்டுவது அணைந்திருக்க வேண்டும், தனியுரிமை உச்சத்தில் இருக்க வேண்டும், இப்படிப் பதினைந்து விதிகள். திருந்திக்கொள்ள ஒரு வருடம் கெடு. கெடு முடியப் போகிற 2021 ஜூலை, ஆகஸ்டில் நான் வேலையில் இருந்தேன். இன்ஸ்டாகிராமில் சிறுவர்கள் திறக்கிற புதுக் கணக்கு தானாகவே பிரைவேட் ஆனது. யூடியூபில் பதினெட்டுக்குக் கீழே அடுத்தடுத்த வீடியோ தானாக ஓடுவது அணைந்தது. டிக்டாக்கில் பதின்மூன்றிலிருந்து பதினைந்து வயதுக்காரர்களுக்கு ராத்திரி ஒன்பதுக்கு மேல் நோட்டிஃபிகேஷன் வராது என்றார்கள். நிறுவனங்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டன. எங்கள் அறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எல்லோரும் நாட்காட்டியைப் பார்த்துச் சிரித்தோம். மாற்றம் பிரிட்டனோடு நிற்கவும் இல்லை. ஒரு நாட்டுக்காக ஒரு ஆப்பைத் திருத்தினால், மற்ற நாட்டுக்குப் பழையதைத் தனியாக வைத்துப் பராமரிப்பது அவர்களுக்கே தொல்லை.

விளையாட்டுக்கு இன்னும் நேரடியான உதாரணம் உண்டு. ஃபோர்ட்நைட் நடத்துகிற எபிக் கேம்ஸ், பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் ஒப்புதலின்றிச் சேகரித்ததாக வந்த வழக்கில் 2022 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 27.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. பணம் கிடக்கட்டும். சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் குரல் சாட், எழுத்துச் சாட் இரண்டும் தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும் என்று அந்த உத்தரவில் இருந்தது. வேண்டுமென்றால் போய்த் திறந்துகொள்ள வேண்டும். அந்த 'அண்ணா' மாதிரி ஆட்கள் நூறு பேருக்கு வலை வீசுவார்கள். தொண்ணூறு பேருக்குச் சாட்டே திறந்திருக்காவிட்டால் அவர்கள் பிழைப்பு ஓடாது.

இதெல்லாம் கணக்கில் இருக்கிற பிறந்த தேதியைப் பார்த்துத்தான் வேலை செய்கிறது. 1986 என்று போட்டால், பிரிட்டன் போட்ட விதி, அமெரிக்கா வாங்கிய உத்தரவு எல்லாம் உங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே குழந்தை யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விடும். பெற்றோர் பொய் சொல்லாத மாதிரி அந்த முதல் திரையைக் கட்ட வேண்டியதும் நிறுவனம்தான் என்பது வேறு விஷயம். உண்மைக்குப் பதினைந்து நிமிடம், பொய்க்கு ஒரு தட்டு என்று வைத்தால் பேருந்து பிடிக்க ஓடுகிறவர் எதைத் தட்டுவார்?

பழையரேடியோ ஐயாவுக்கு ஒரே விஷயம். தென்கொரியாவில் பதினாறுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவிலிருந்து காலை ஆறு வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011-இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் பெற்றோரின் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தார்கள், போன் விளையாட்டுகள் அந்தச் சட்டத்துக்குள் வரவே இல்லை. 2021-இல் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள்.


பழையரேடியோ எழுதியது:

சரி தம்பி, ஒத்துக்கொள்கிறேன். என் பேத்தியின் கணக்கில் என்ன தேதி இருக்கிறது என்று மருமகளிடம் கேட்டேன். சிரிக்கிறாள், பதில் சொல்லவில்லை.


குமிழ்முனை எழுதியது:

கூட்டம் முடிந்தது. எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று எழுத வேண்டும் என்று தோன்றியது.

முதலில் வீடு. தேதியைத் திருத்தினேன். உடனே கணக்கு பூட்டிக்கொண்டது, என் ஒப்புதல் கேட்டது, என் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னது. பெயரில்என்ன எழுதியதை நினைத்துக்கொண்டே காட்டினேன், வேறு வழி தெரியவில்லை. திறந்தபோது சாட் அணைந்திருந்தது, தெரியாதவர்கள் அழைக்க முடியாதபடி மாறியிருந்தது. நான் எதையும் தொடவில்லை. மூன்று வருடமாக இது இங்கேயே இருந்திருக்கிறது.

மகன் அழுதான். நூற்றுச் சொச்சம் நண்பர்கள் பட்டியலில் இருந்தார்களாம். உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம். நேரில் தெரிந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரோடு மட்டும் பேசலாம் என்று திறந்துவிட்டேன். சமாதானம் ஆகவில்லை, ஆனால் விளையாடுகிறான்.

இரண்டு ஆப்பிலும் புகார் செய்தேன். உதவி எண்ணுக்கும் கூப்பிட்டேன். எடுத்த அம்மா, நான் தயார் செய்து வைத்திருந்த தேதி, பெயர், விவரம் எதையும் முதலில் கேட்கவில்லை. பையன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று கேட்டார். அங்கேதான் நான் உடைந்தேன்.

கூட்டத்தில் என் பத்து நிமிடத்தில் முதல் வேலையாக, எல்லோரும் போனை எடுத்து உங்கள் பிள்ளையின் கணக்கில் இருக்கிற பிறந்த வருடத்தைப் பாருங்கள் என்றேன். கையைத் தூக்கச் சொல்லவில்லை. யாரும் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டவில்லை. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த அறை அப்படியே அடங்கிவிட்டது. 1986 என்ற என் எண்ணை மட்டும் சொன்னேன். அதைச் சொன்ன பிறகு, என் வீட்டுக் கதைதான் சுற்றிக்கொண்டிருந்தது என்று எல்லோருக்கும் புரிந்திருக்கும். பரவாயில்லை.

மனு எழுதிய அப்பா வெளியே வந்து "என்னுது 1981" என்றார். மனுவைக் கிழிக்கவில்லை, திருத்திக்கொண்டிருக்கிறோம். தடை என்ற வரி அப்படியே இருக்க வேண்டும் என்கிறார், பாதிப் பேர் அவர் பக்கம். நானும் எதிர்க்கவில்லை, தெற்கத்திக்காரன் சொன்ன அந்த நிம்மதி எல்லோருக்கும் தேவைப்படுகிறது. ஆனால் அதற்கு மேலே இரண்டு வரி சேர்த்திருக்கிறோம். பிள்ளைகள் ஆடுகிற விளையாட்டில் சாட் அணைந்தே வர வேண்டும். தளம் கைவிட்டால் போய் நிற்க ஓர் அலுவலகம், அதற்கு 24 மணி நேரக் கெடு. பிறந்த தேதித் திரையைப் பற்றி ஒரு வரி எழுதப் பார்த்தோம், இன்னும் சரியாக வரவில்லை. பெயரில்என்ன, நேரம் இருந்தால் பாருங்கள், இங்கேயே போடுகிறேன்.

இரவுப்பணி சாரிடம் ஒன்று கேட்க வேண்டும். நேற்று ராத்திரி மகன், "அந்த அண்ணாவுக்கு நிஜமாவே பதினாலு வயசா இருந்தா? நாம அவரை மாட்டிவிட்டுட்டோமா?" என்று கேட்டான். அவனுக்கு இன்னும் அவர் அண்ணாதான். நான் என்ன சொல்வது?


இரவுப்பணி எழுதியது:

தெரியாது என்றே சொல்லுங்கள் மேடம். நான்கு வருடம் பார்த்த எனக்கே பல தடவை தெரிந்ததில்லை. பதினான்கு வயதுப் பையனாகவே இருந்தாலும், அவனை இப்படிக் கேட்க வைத்தது யார் என்று யாராவது பார்த்தாக வேண்டும், புகார் அதற்கும்தான். இதை உங்கள் மகனிடம் அப்படியே சொல்லலாம், புரிந்துகொள்வான்.

புகார் எண்கள் இரண்டையும் எழுதி வைத்திருங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் அதே எண்ணைச் சொல்லி மறுபடி அனுப்புங்கள்.